பளிங்குக் கல்லில் பெயர் இருந்தவர்

தாம்பரம் பக்கத்துப் பட்டாளத்துக்காரர்கள் என்று பேச்செடுத்தால் எல்லோரும் மெடல் வாங்கியவர்களைத்தான் சொல்வார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டாம் உலகப் போரில் அவர் சிங்கப்பூரில் ஜப்பான்காரனிடம் சிக்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்த தந்தியில் இறந்துவிட்டதாக இருந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத அவர் மனைவி வெள்ளைச் சேலைக்கு மாறினார். முதல் யுத்தத்தில் இறந்த சபையாருக்காக எங்கள் சர்ச் சுவரில் பதித்திருந்த பளிங்குக் கல்லில், அவர் பெயரையும் கடைசியாகச் சேர்த்து வெட்டினார்கள். யுத்தம் முடிந்ததும் அவர் எலும்பும் தோலுமாகத் தாம்பரம் ஸ்டேஷனில் வந்து இறங்கினார்.

எனக்கு விவரம் தெரிந்த அறுபதுகளில் அவருக்கு இருந்தது ஒரே கோரிக்கைதான்: கல்லிலிருந்து அந்தப் பெயரை எடுக்க வேண்டும். செதுக்கினால் கல் விண்டுவிடும் என்பார்கள் சபைக் கமிட்டிக்காரர்கள். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்பார்கள். வருஷத்தில் ஒரு ஞாயிறு போதகர் அந்தப் பெயர்களை வாசிக்க, சபையே எழுந்து நிற்கும். விஷயம் தெரிந்த போதகர்கள் அவர் பெயரைத் தாண்டிவிடுவார்கள். புதிதாக மாற்றலாகி வந்தவர் தெரியாமல் வாசித்துவிடுவார். பின்வரிசையில் குசுகுசுவென்று சிரிப்பு கிளம்பும். அவர் தன் பெயருக்குத் தானே அட்டென்ஷனில் நிற்பார். மார்க்கெட்டில்கூட, "செத்தவர் வர்றார், வழி விடுங்கப்பா" என்று கிண்டல் செய்வார்கள். அவரும் கூடச் சிரித்துவைப்பார். வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசாமல் படுத்துக்கொள்வார்.

அவருக்கு ஒரே மகன். அவனும் பட்டாளத்தில் சேர்ந்தான். லீவில் வந்தால் அப்பாவும் மகனும் வாசலில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருப்பார்கள். பேச்சே இருக்காது, ஆனால் இருவருக்கும் முகம் நிறைந்திருக்கும். எழுபத்தொன்று யுத்தத்தில் அந்த வீட்டுக்கு மறுபடி தந்தி வந்தது. காணவில்லை, இறந்ததாகக் கருதப்படுகிறது என்று இருந்தது. உடல் வரவில்லை. கைதிகளாகப் பிடிபட்டவர்கள் திரும்பி வந்தபோதும் அவன் வரவில்லை.

அதற்கப்புறம் ஒருநாள் கமிட்டி அவர் வீடு தேடி வந்தது. என் அப்பாவும் அதில் ஒருவர். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

"தம்பிக்கு ஒரு நினைவு ஆராதனை வச்சு, கல்லுல பேரும் வெட்டிடலாம் சார்," என்றார் செயலாளர். பிறகு ஏதோ சலுகை காட்டுகிற குரலில், "ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கீங்க, உங்க பேரையும் அப்படியே எடுத்துடறோம்" என்றார்.

"என் பேர் இருக்கட்டும். அவன் பேரை வெட்டாதீங்க."

"தந்தியே வந்துடுச்சே சார்."

"எனக்கும்தான் வந்துச்சு. எனக்கும்தான் ஆராதனை வச்சீங்க. நான் வரலையா?"

வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்கள்.

அதிலிருந்து அவர் ஆளே மாறிப்போனார். மகனின் சட்டைகளை வாராவாரம் துவைத்து இஸ்திரி போடச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக் கறியில் அவனுக்கு ஒரு பங்கு எடுத்துவைக்கச் சொன்னார். துக்கம் விசாரிக்க வந்தவர்களைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பினார். முன்பு கிண்டல் செய்தவர்களிடமே வலியப் போய், கல்லில் என் பெயரைப் பார்த்தீர்களா என்று கேட்டார். இப்போது அவர்களால் சிரிக்க முடியவில்லை.

அவர் மனைவியைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. நானும்தான். ஒரு மத்தியானம் காலேஜிலிருந்து சீக்கிரம் வந்தேன். ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. குறைக்கப் போனால் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். சமையலறைத் தரையில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா உட்கார்ந்திருந்தார், வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு. அப்படியும் சத்தம் வெளியே வந்தது.

"அன்னைக்கு அவருக்காக மூணு வருஷம் அழுதேன். அவர் வந்து நின்னுட்டார்," என்றார் அம்மாவிடம். "இப்ப புள்ளைக்காக அழுதா, 'அப்பவும் இப்படித்தானே அழுத'ங்கறார். நான் எங்கடி போய் அழுவேன்?"

எவ்வளவு நாளாக இப்படி வந்துபோகிறார் என்று அம்மாவிடம் கேட்கவே பயமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பெரியம்மா எழுந்து குழாயடியில் முகம் கழுவினார். துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"கண்ணு சிவந்திருக்கா பாரு."

சிவந்துதான் இருந்தது. இல்லை என்றேன்.