மூன்றாவது வரியோடு நிற்கும் கீதம்

பாட்டு டீச்சர் வேலையில் தொண்டை வலியைவிடத் தலைவலிதான் அதிகம், "பயிற்சி நடக்குதா?" என்று கேட்டுவிட்டு, வருகிற பதிலை வைத்துக்கொண்டு மண்டையைப் பிய்த்துக்கொள்கிறோமே, அந்தத் தலைவலி. பினாங்கில் பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் என் சக டீச்சர்களே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? தாரணியால் நான் குழம்பிய குழப்பத்தை மட்டும் கேளுங்கள்.

பையை ஏன் மாட்டுகிறாள்?

தாரணி இரண்டாம் வகுப்பு. நல்ல குரல், சுருதி விலகாது. சரஸ்வதி பூசையன்று கோயிலில் பாட ஒரு கீதம் சொல்லிக்கொடுத்திருந்தேன். மூன்று வரி அருமையாகப் பாடுவாள். நான்காவது வரிக்கு நான் தாளத்தோடு காத்திருந்தால், பிள்ளை பக்கத்தில் கிடக்கும் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்ளும்! வாராவாரம் இதே கதை. எங்கே கிளம்புகிறாய் என்று கேட்டால் அவளுக்கே தெரியவில்லை, முழிக்கிறாள். மிச்ச வரிகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால் அன்றைக்குப் பாடுவாள். அடுத்த சனிக்கிழமை மறுபடி மூன்றோடு நிற்பாள்.

அவள் அப்பா சேகரன், கடற்பாலம் தாண்டி ஜுருவில் தொழிற்சாலை சூப்பர்வைசர். அவர்தான் வகுப்புக்குக் கூட்டிவருவார். பயிற்சி உண்டா இல்லையா, உண்மையைச் சொல்லுங்கள் என்று பிடித்துக்கொண்டேன். மனுஷன் கற்பூரம் அடிக்காத குறை.

"தினமும் நடக்குதுலா டீச்சர். ஒரு நாள்கூட விட்டதில்ல."

எந்த வீட்டில்?

சரி, அம்மாவிடம் கேட்போம் என்று போன் போட்டேன். சுபத்ரா நர்ஸ், விடியும் முன்னே வேலைக்குக் கிளம்பிவிடுவார். வீட்டில் தாரணி பாடி, தான் கேட்டதே இல்லை என்றார். ஐயோ சாமி! ஒருவர் தினமும் என்கிறார், ஒருவர் இல்லவே இல்லை என்கிறார். இரண்டு பேருமே பொய் சொல்கிற ஆட்களாகத் தெரியவில்லை. குடும்பத்தில் சண்டை மூட்டிவிட்டேனோ என்று வேறு பயம். உங்கள் வீட்டுக்காரர் தினமும் நடக்கிறது என்கிறாரே என்று மெதுவாகச் சொன்னேன்.

"எனக்கும் தெரிஞ்சாகணும் டீச்சர், அப்பனும் மகளும் எந்த வீட்டுல பாடுறாங்க?"

விஷயம் வெளியே வந்தது

பூசை நெருங்கிவிட்டது. நான்காவது வரி வரவில்லையென்றால் வேறு பிள்ளைக்குத்தான் கொடுக்கணும் என்று சொன்னேன். தாரணியின் கண் கலங்கிவிட்டது. எனக்கும் மனசு கேட்கவில்லை. அவளை வெளியே அனுப்பிவிட்டு சேகரன் தயங்கித் தயங்கிச் சொன்னார். பயிற்சி காடியில், அதாவது அவர் காரில்தான் நடக்கிறதாம். காலையில் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டுப் பாலம் ஏறுவார். இரவு திரும்பி வருவதற்குள் அவள் தூங்கியிருப்பாள். அந்தக் கொஞ்ச நேரம்தான் இருவருக்கும். இவரும் கூடவே பாடுவாராம்.

அப்படியானால் நேராகக் கீதத்தை ஆரம்பிக்க வேண்டியதுதானே என்றேன்.

"நீங்கதான டீச்சர் சொன்னீங்க, சரளி வரிசை முடிச்சிட்டுத்தான் கீதம்னு? மூணாவது வரியில பள்ளிக்கூட கேட் வந்திருது, பிள்ள பைய மாட்டிக்கிட்டு இறங்கிருது."

சீக்கிரம் கிளம்பினால்

இவ்வளவுதானா என்று எனக்குச் சிரிப்பு. கொஞ்சம் சீக்கிரம் கிளம்புங்கள் என்று வழி சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் தாரணி இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டாள்! இருந்ததும் போச்சே என்று தலையில் கை வைத்தேன். என்ன பண்ணித் தொலைத்தீர்கள் என்று சேகரனைக் கேட்டேன்.

"சீக்கிரம் போனா ஜாம் இல்லயே டீச்சர். ரோடு காலி, பொசுக்குன்னு பள்ளிக்கூடம் வந்திருச்சி."

கோயிலில்

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். சீக்கிரம் கிளம்பி, வேண்டுமென்றே சூலியா தெருவுக்குள் காடியை விட்டார். அங்கே லோரி நிறுத்திச் சாமான் இறக்குவார்கள், அசைய முடியாது. எல்லாரும் ஹார்ன் அடிக்க, இவர்கள் பாடியிருக்கிறார்கள்.

பூசையன்று தாரணி கீதத்தை முழுதாகப் பாடினாள். நான்காவது வரி வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. திடீரென்று கூட்டத்தில் ஒரு ஆண் குரல் கூடவே பாடுகிறது. பார்த்தால் சேகரன், கண்ணை மூடிக்கொண்டு! நிறுத்தச் சொல்லலாமா, பாடட்டும் என்று விடலாமா? ஒன்றும் புரியாமல் இரண்டு பேருக்கும் சேர்த்துத் தாளம் போட்டேன். முடிந்ததும் அழுகை வந்துவிட்டது எனக்கு. பாராட்டலாம் என்று போனால் மனுஷன் முகம் வாடிப்போய் நிற்கிறார்.

"பாட்டு முழுசா வந்திருச்சே டீச்சர். நாளைக்குக் காடியில நாங்க என்ன பண்றது?"

தினசரிப் பயிற்சி பிள்ளைக்கு நல்லதா, பெற்றவருக்கு நல்லதா என்று கேட்டால் எனக்கு இன்றும் குழப்பம்தான். ஆனால் இப்போதெல்லாம் புதிதாக ஒரு கீதம் ஆரம்பிக்குமுன் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொள்கிறேன்.