லாரி மறைக்கும் ஹார்ட் டிஸ்க்: திருவொற்றியூர் போய் வந்த கதை

கோவையிலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள் மெரினா பார்ப்பார்கள். நான் இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, கன்டெய்னர் லாரி ஒன்று தெருவில் நிற்பதைப் பார்ப்பதற்காகவே போனேன்.

நானும் விஜியும் இரண்டு வருடமாக ஆன்லைனில் சேர்ந்து நிரல் எழுதுகிறோம். வேறு இடத்தில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை, நெட்வொர்க் வழியாகவே தன் சொந்த டிஸ்க் போலக் கம்ப்யூட்டர் பயன்படுத்த வேண்டும். அதற்கான நெறிமுறையை, அதாவது இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளும் புரோட்டோகாலை, இயங்குதளத்தின் உள்மையமான கெர்னலில் சேர்க்கும் வேலை. சம்பளம் கிடையாது. கெர்னலைப் பராமரிப்பவர்களோ, ‘இணைப்பு அறுந்தால் டிஸ்க் திரும்புவதில்லை, இந்த முறையும் சரியாகாவிட்டால் எடுக்க மாட்டோம்’ என்று எழுதிவிட்டார்கள்.

விஜிக்குக் கல்யாண வீடியோ எடிட் செய்வது தொழில். “வீடியோல பொண்ணு மாப்ள பேருதான் வரும். இதுலயாச்சும் என் பேரு வரணும்க்கா” என்று ஒருமுறை ஃபோனில் சொன்னாள். எனக்கு மனசு கேட்கவில்லை. என் வீட்டில் இணைப்பு அறுவதே இல்லை, அவள் வீட்டில்தான் அறுகிறது. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்தால் பீச். அங்கே மாறினால் அடுத்த ஸ்டேஷன் ராயபுரம், டிக்கெட் ஐந்து ரூபாய். தூண் வைத்த பழைய ஸ்டேஷன் கட்டடத்தை நின்று பாருங்கள். விஜி அங்கே வந்து கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்ததால், நான் தேவைக்கு அதிகமாகவே நின்று பார்த்தேன். பத்து மணிக்கு “தோ, வந்துகினே கீறேன்க்கா” என்ற விஜியின் ஃபோன், அதன்பின் ஸ்விட்ச் ஆஃப்.

“ஹார்பருக்குப் போற லாரிங்க லைன் கட்டி நிக்குதும்மா. வந்துகினு கீறேன்னு சொல்லிச்சில்ல? குந்து, டீ குடி” என்றார் டீக்கடை அம்மா. இரண்டாவது டீயும் முடிந்து, பதினொன்றேகாலுக்கு ஸ்கூட்டியில் வந்தாள், முகமெல்லாம் புழுதியோடு. திட்ட நினைத்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய்க் கட்டிக்கொண்டேன். நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அங்கிருந்து திருவொற்றியூர் ஆறு கிலோமீட்டர் இருக்கும். வெள்ளைத் துணி போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

விஜியின் கடை சாலைக்கு ஒரு பக்கம், வீடு எதிர்ப்பக்கம். வீடியோக்கள் உள்ள டிஸ்க் கடையில் இருக்கிறது, கம்ப்யூட்டர் வீட்டில். இரண்டு ஜன்னல்களிலும் வயர்லெஸ் கருவி வைத்திருக்கிறாள். நடுவில் கன்டெய்னர் நின்றால் அந்த இரும்புப் பெட்டி சிக்னலை மறைத்துவிடும். அவள் வீட்டில் உட்கார்ந்து, மாலை மாற்றும் காட்சி ஒன்றை ஓடவிட்டோம். லாரி வந்து நின்றது. அரை நிமிடத்தில் திரையில் ‘டிஸ்க் இல்லை’ என்று வந்தது. லாரி போன பிறகும் அதே பாட்டுதான்.

“இன்னாக்கா இது, அதுக்குள்ள செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணிடுச்சு!” என்று மேசையைத் தட்டிய விஜி, சட்டென்று என் பக்கம் திரும்பினாள். “என் போனும்தான் ஆஃப்ல இருந்துச்சு. நீ மட்டும் ஏன் போவாம நின்னே?”

“நீதான் வர்றேன்னு சொன்னியே.”

இரண்டு பேரின் கையும் ஒரே நேரத்தில் கீபோர்டுக்குப் போனது. எங்கள் நிரலுக்குத் தெரிந்தது இரண்டே நிலை: இருக்கிறது, செத்துவிட்டது. மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தோம். கேட்ட வேலைகளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்; இணைப்பு வந்ததும் அதே டிஸ்க்தானா என்று பார்த்து, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். அந்த நிலைக்கு விஜி வைத்த பெயர் ‘வந்துகினு’.

எழுதி முடிக்க ஞாயிறு மதியம் ஆகிவிட்டது. மறுபடி ஓடவிட்டோம். லாரி வந்தது. திரையில் மணப்பெண்ணின் கை மாலையோடு அந்தரத்தில் நின்றுவிட்டது. விஜி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான்கு நிமிடம். டிரைவர் டீ குடிக்க இறங்கிவிட்டாரோ என்னவோ. ஒருவழியாக லாரி நகர்ந்தது. மாலை மாப்பிள்ளை கழுத்தில் விழுந்தது.

“வந்துடுச்சுக்கா!” என்று அழுதாள். நானும்தான்.

போன வாரம் கெர்னலில் சேர்த்துக்கொண்டார்கள். விஜி பெயர் முதலில், என் பெயர் அடுத்து. ‘வந்துகினு’ என்றால் என்ன அர்த்தம் என்று மட்டும் ஒருவர் கேட்டிருந்தார்.

திரும்பும்போது திருவொற்றியூர் தேரடியிலிருந்து சென்ட்ரலுக்கு நேராக மெட்ரோ இருக்கிறது. பசித்தால் வழியில் இறங்கி, பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா நூடுல்ஸான அத்தோ சாப்பிடுங்கள். அப்புறம், அங்கே யாராவது “வந்துகினே கீறேன்” என்று சொல்லிவிட்டு ஃபோனை எடுக்காவிட்டால், கோபித்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். இன்னொரு டீ சொல்லுங்கள்.