இழுத்துச் சொன்ன ஜெபம்

மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு எனக்கு வைத்த இம்ப்ளான்ட், அந்தச் செயற்கை மார்பகம், கல்லாக இறுகிவிட்டது. ஒருக்களித்துப் படுத்தால் உயிர் போகிற வலி. எடுத்துவிட்டால் போதும் என்று பீர்க்கன்கரணையிலிருந்து கணவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கு நாள்பட்ட நுரையீரல் நோயும் உண்டு. இன்ஹேலர்தான் இருக்கிறதே, அதெல்லாம் ஒரு விஷயமா என்று நினைத்திருந்தேன்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் இளவயதுப் பெண். “மனப்பாடமா தெரிஞ்சது ஏதாவது நிறுத்தாம சொல்லுங்கம்மா” என்றார். பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினேன். முதல் வரி முடிவதற்குள் மூச்சு முட்டியது. மறுபடி சொன்னேன். அதே இடத்தில் நின்றது.

“வீட்லயும் அங்கதான் நிறுத்துவா டாக்டர்” என்றார் கணவர். “அதான் நான் மெதுவா சொல்லுவேன்.”

எனக்குச் சுருக்கென்றது. “ஜெபத்தைக்கூட ஏன் இப்படி இழுக்கறீங்க, தூக்கமா?” என்று அவரைத் தினமும் கடிந்துகொண்டவள் நான்.

“எடுக்கவே கூடாதுன்னு சொல்லலம்மா” என்றார் டாக்டர். “இப்ப மயக்கம் கொடுத்தா, அப்புறம் நீங்களா மூச்சு விடறது கஷ்டமாயிடலாம். முதல்ல நுரையீரல் டாக்டரைப் பாருங்க. மூச்சு கொஞ்சம் தேறட்டும், அப்புறம் முடிவு பண்ணலாம்.”

“தேறுமா?”

“பார்க்கலாம்மா.”

அன்று சாயங்காலம் அதே வலியோடு ஜெபத்துக்கு உட்கார்ந்தேன். அவர் வழக்கத்தைவிட மெதுவாகச் சொன்னார். நான் நின்ற இடத்திலெல்லாம் கண்ணை மூடியபடியே காத்திருந்தார்.

ஆமென் சொல்ல எனக்கு மூச்சு இருந்தது. அவரோடு சேர்ந்தே சொன்னேன்.