பாறசாலைப் பக்கம் ஒரு வண்டிக்கு வில்லங்கம் பார்த்தது

சனிக்கிழமை காலை 6.40, மார்த்தாண்டம். வண்டியின் மீட்டர் 81,306 காட்டியது. பக்கத்து இருக்கையில் விற்பனைத் தாள்களின் நகல், ஒரு குப்பி வெந்நீர், இலையில் பொதிந்த நாலு இட்லி. போய்த் திரும்ப மொத்தமே அறுபது கிலோமீட்டருக்குள்தான். இவ்வளவு சின்னப் பயணத்துக்கு இவ்வளவு பயந்துகொண்டு நான் கிளம்பியதே இல்லை.

வண்டி எட்டு வயதானது. கச்சிதமான எஸ்.யூ.வி. என்று விளம்பரத்தில் சொல்வார்களே, அந்த வகை. உட்கார்ந்தால் ஜீப்பின் உயரம், நிறுத்தினால் சின்னக் காரின் இடம். கம்பெனிப் பெயரை எழுதப்போவதில்லை, காரணம் போகப்போகப் புரியும். ஐந்து மாதம் முன்பு நெய்யாற்றின்கரையில் பழைய வண்டிகள் விற்கும் இடத்தில் வாங்கினேன். ஊருக்குள் லிட்டருக்குப் பதிமூன்று, நெடுஞ்சாலையில் பதினாறு கொடுக்கிறது. ஏ.சி.க்குக் குறையில்லை. குழியில் இறங்கினால் பின்கதவு கடகடக்கும், அவ்வளவுதான். என்னிடம் ஒரு நாள்கூட அது மக்கர் பண்ணியதில்லை. என் மனைவி ஷீபா ஓட்டும்போது மட்டும் நின்றுபோகும்.

மூன்று தடவை நின்றிருக்கிறது. முதலில் வெட்டுமணி சந்திப்பில், அடுத்தது கழுவன்திட்டையில். மூன்றாவது போன ஞாயிற்றுக்கிழமை, குழித்துறைப் பாலத்தின் நடுவில். எஞ்சின் அணைந்தால் ஸ்டியரிங் கல்லாகிவிடும், பிரேக்கை இரண்டு காலாலும் மிதிக்க வேண்டியிருக்கும். பின்னால் வந்த பால் வண்டியின் கண்ணாடி எங்கள் கண்ணாடியை உரசிக்கொண்டு போனது. பின்சீட்டில் மகள் இருந்தாள். ஒவ்வொரு தடவையும் நான் இறங்கிப்போய் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்புவேன். உடனே உயிர் வந்துவிடும். அப்படி வந்தால் ஒரு கணவன் என்ன சொல்வானோ அதையே நானும் சொன்னேன்.

"எனக்க காலுக்கும் கைக்கும் ஒண்ணும் இல்ல. வண்டிக்காக்கும் கேடு" என்பது ஷீபாவின் பதில். மார்த்தாண்டத்தில் இரண்டு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார்கள், தனியாக ஓட்டியும் பார்த்தார்கள். கேடு ஒன்றுமில்லை என்று திருப்பித் தந்துவிட்டார்கள்.

ஷீபா பிசியோதெரபி படித்தவள். பிள்ளைகளுக்காக ஒன்பது வருடம் வீட்டில் இருந்துவிட்டு, வரும் திங்கட்கிழமை முதல் வேலைக்குப் போகிறாள். தனுவச்சபுரம், குளத்தூர் பக்கம் வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்கு உடற்பயிற்சி கொடுக்க வேண்டும். சொந்த வண்டி இருந்தால்தான் அந்த வேலை. நானோ, பாலத்தில் நடந்ததற்குப் பிறகு வண்டியை விற்கத் தீர்மானித்து, காட்டாக்கடையிலிருந்து ஒருவரை இந்தச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். முந்தின நாள் ஷீபா சொன்னாள்: "அஞ்சு மணிக்கு முன்ன கேடு என்னண்ணு கண்டுபிடிச்சா வண்டியும் உண்டு, வேலையும் உண்டு. இல்லேன்னா ரெண்டும் இல்ல."

நான் பத்திரம் எழுதுபவன். கால் சென்ட் நிலம் என்றாலும் மூலப்பத்திரம் கேட்பேன், வில்லங்கம் பார்க்கச் சொல்வேன். இந்த வண்டியை வாங்கும்போது நிறத்தை மட்டும் பார்த்தேன். இப்போது புத்தி வந்து, எனக்கு முன்னால் அதை அனுபவித்த இரண்டு பேரையும் தேடிப் புறப்பட்டேன்.

7.25, களியக்காவிளை. ஒன்பது கிலோமீட்டருக்கு நாற்பத்தைந்து நிமிடம் ஆனது. முன்னால் போகும் வண்டிக்கும் எனக்கும் நடுவில் ஒரு பேருந்து புகும் இடம் விட்டு ஓட்டினேன், பேருந்துகளும் புகுந்தன. எஞ்சின் சத்தம் சற்றே மாறினாலும் ஏ.சி.யை அணைத்துவிட்டுக் காது கொடுத்தேன். ஒரு டீ பன்னிரண்டு ரூபாய். கடைக்காரர் எனக்குத் தமிழிலும் அடுத்தவருக்கு மலையாளத்திலும் ஒரே மூச்சில் சில்லறை எண்ணிக் கொடுத்தார். நூறு மீட்டரில் மாநில எல்லை தாண்டியதும் பலகைகளின் எழுத்து மாறியது, குழிகள் மாறவில்லை.

பாறசாலை பதின்மூன்றாவது கிலோமீட்டர். அங்கே இடதுபுறம் திரும்பினால் குளத்தூர்ப் பஞ்சாயத்துக்குப் போகும் பாதை. இரண்டு பக்கமும் மதில், நடுவில் ஒன்றரை வண்டி அகலச் சாலை, அதில் எதிரும் புதிருமாக எல்லாரும் வருகிறார்கள். திங்கட்கிழமை ஷீபா தனியாக ஓட்டவேண்டிய சாலை இதுதான். ஒரு வளைவில் எதிரே வந்த பேருந்துக்கு வழிவிட்டு மதிலை ஒட்டி நின்றபோது, இங்கே எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று நினைத்தேன்.

8.20, குளத்தூரின் கடற்கரைப் பக்கம். வண்டியின் இரண்டாவது உரிமையாளர் பிரான்சிஸ், ஆழ்கடல் படகில் போகிறவர். என் அதிர்ஷ்டத்துக்குக் கரையில் இருந்தார். வண்டியைக் கண்டதும் கன்றுக்குட்டியைத் தட்டுவதுபோல் பானட்டைத் தட்டினார்.

"நான் கரையில நிக்கியது வருசத்தில நாலு மாசமாக்கும். மீதி நாளு இது ஷெட்டில கிடக்கும். உப்புக்காத்து அடிச்சு அடியில துரு பிடிச்சுது. அதுக்கு மேல பெயின்ட் அடிச்சு வித்தேன். உள்ளதச் சொல்லுதேன், கோவப்படாதிங்கோ."

"துரு கிடக்கட்டும் அண்ணே. ஓடும்போது நின்னிருக்கா?"

"ஓடும்போ இல்ல. ஒரே ஒருக்க ஸ்டார்ட் ஆவல்ல. மீன் பெட்டிய முன்சீட்டில கால் வைக்கிய இடத்தில தள்ளி வச்சிருந்தேன். எடுத்துப் பின்னால வச்சேன், ஸ்டார்ட் ஆச்சு. வண்டிக்கு மீன் வாடை பிடிக்கல்லியாக்கும்னு வீட்டில உள்ளவிய சிரிச்சினும்."

நானும் சிரித்துவைத்தேன். வீட்டில் அவரைத் தவிர யாருக்கும் ஓட்டத் தெரியாது என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்கு முன்ன வச்சிருந்தது தனுவச்சபுரத்தில தேவதாஸ். பஸ் டிரைவராட்டு இருந்த மனுசன். 'இது ஆளை ரோட்டில விட்டிரும்'னு அப்பவே சொன்னாரு. விக்கிய ஆளு சொந்த வண்டியக் குத்தம் சொல்லுவானா? நான்தான் நம்பல்ல" என்றார். அப்படியானால் கேடு பிறவியிலேயே இருக்கிறது.

10.05, தனுவச்சபுரத்துக்கு முன்னால் ஒரு ரயில்வே கேட். மூடியிருந்தது. எனக்கு முன்னால் நாலு வண்டி, பின்னால் கல்லூரிப் பிள்ளைகள் தொங்கும் பேருந்து. ரயில் போய்க் கேட் திறந்ததும் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். தண்டவாளத்தின் மேல் ஏறி இறங்கும் நாலு விநாடியையும் ஒவ்வொன்றாக எண்ணினேன். வண்டி சமர்த்தாகக் கடந்தது, பின்கதவு மட்டும் கடகடத்தது.

10.30, தேவதாஸ் வீடு. பழைய மிஷன் சபையிலிருந்து இரண்டாவது சந்து, மீட்டர் 81,343. கேட்டின் இடது தூண் உடைந்து புதிதாகப் பூசியிருந்தது. அவர் வராந்தாவில் நாற்காலியில் இருந்தார். நான் இடதுபக்கமாக ஏறி வணக்கம் சொன்னேன், அவர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் போய் நின்றதும் திடுக்கிட்டு, "நீரு எப்பம் வந்தீரு?" என்றார். அவர் மனைவி லில்லியம்மா உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். தெருவில் நின்ற வண்டியைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது.

விஷயத்தைச் சொன்னேன். தேவதாஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"கேட்டியா லில்லி? இப்பவும் நிக்குதாம். சாரே, முப்பத்தொரு வருசம் பஸ் ஓட்டினவனாக்கும் நான். ஒரு கோழியக்கூட இடிச்சதில்ல. எனக்க மானத்த வாங்கினது இந்த வண்டி. ஏறி இருந்து சாவி திருப்பினா மிண்டாது. ஒரு மணிக்கூர் கழிஞ்சு பாத்தா சுகமா ஓடும். உம்ம வீட்டில ஓட்டும்போ நிக்குதுன்னா, ஓட்டப்பிடாதுண்ணு சொல்லும். இன்னைக்கே வித்திரும்."

"நாள் கிழமையோட எழுதி வச்சிருக்கேன், எடுத்திட்டு வாறேன்" என்று எழுந்து, இடது கையால் சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே போனார்.

அவர் மறைந்ததும் லில்லியம்மா என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். "மக்கா, சாவி இருக்கா? வா" என்று எனக்கு முன்னால் படியிறங்கிப் போய், முன்பக்க இடது இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். நான் டிரைவர் இருக்கையில் ஏறினேன்.

"ஸ்டார்ட் ஆக்கு."

ஸ்டார்ட் ஆனது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கால் வைக்கும் இடத்துக்கு நேர் முன்னே மேலேறும் சரிவில் வலது காலை அழுத்தினார். எஞ்சின் இருமுறை இருமிவிட்டு நின்றது. காலை எடுத்தார். "இனி திருப்பு." உடனே உயிர் வந்தது.

கால்மிதியையும் அதன் கீழிருந்த விரிப்பையும் விலக்கிக் காட்டினார். ஐந்து ரூபாய் நாணயம் அளவில் கருப்பாக ஒரு பொத்தான். மிதித்தால் பெட்ரோல் போகாது.

"அவருக்குத் தலையில ஒரு சின்ன அடைப்பு வந்து இடப்பக்கப் பார்வை போச்சு. ஓட்டப்பிடாதுண்ணு டாக்டர் சொன்னாரு. டாக்டருக்கு வண்டியப்பத்தி என்ன தெரியும்னு கேட்டாரு இவரு. வாசல் கேட்டுக்க தூண இடிச்சாரு. பின்ன ஒருநாளு காலேஜ் பஸ் ஸ்டாப்பில இடத்து சக்கரம் பிள்ளைகளுக்க இடையில ஏறிப்போச்சு. ஒரு பொம்பளப்பிள்ளைய யாரோ பிடிச்சு இழுத்தினும். இவரு கண்டதே இல்ல. 'என்ன சத்தம்'னு எனக்கிட்ட கேக்காரு." அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "வயரிங் பாக்கிய ஒரு ஆள வச்சு இத மாட்டினேன். ஓடும்போ ஒருநாளும் மிதிச்சதில்ல மக்கா. வண்டி நிக்கும்போ மட்டும். வண்டி சரியில்லேன்னு விட்டாரு. கண்ணு சரியில்லேன்னு விட்டிருக்கமாட்டாரு."

"விக்கும்போ சொல்லியிருக்கலாமே அம்மா."

"அவரு பக்கத்தில இருந்து நகரல்ல. பக்கத்து சீட்டில இருக்கவிய அந்த இடத்தில இவ்வளவு பலமா எதுக்கு மிதிக்கப்போறினும்னு நினைச்சேன். தப்பாக்கும்." பிறகு என்னைப் பார்த்தார். "உனக்க வீட்டுக்காரி ஓட்டும்போ பக்கத்தில ஆரு இருக்கது?"

"நான்."

"பேடி உண்டா? பயப்படுவியா?"

என் வலது கால்தான் பதில் சொன்னது. அந்தப் பொத்தானை இப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறேன், ஆனால் அந்த இடம் என் பாதத்துக்கு நன்றாகத் தெரியும். வெட்டுமணியில் ஆட்டோ குறுக்கே வந்தபோது அங்கேதான் மிதித்தேன். கழுவன்திட்டையில் ஒரு மாட்டைப் பார்த்து மிதித்தேன். பாலத்தில் எதிரே லாரி வந்தபோது, ஷீபா பிரேக் பிடிக்கமாட்டாள் என்று முடிவுகட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு இல்லாத பிரேக்கை மிதித்தேன். என் மகளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு நானே வண்டியை நிறுத்தியிருக்கிறேன்.

"அவரிட்ட சொல்லாண்டாம்" என்றார் லில்லியம்மா.

தேவதாஸ் ஒரு பழைய டைரியோடு வந்தார். பக்கம் பக்கமாக இடமும் நேரமும் இருந்தன. 'வீட்டு வாசல், 9.15, எடுக்கவில்லை.' 'சபை நடை, 11.40, எடுக்கவில்லை.' எழுத்தெல்லாம் தாளின் வலது பாதியிலேயே நெருங்கிக் கிடந்தது. டைரியை மூடி என் கையில் வைத்துவிட்டு, "நீரு பத்திரம் எழுதிய ஆளு, பொய் எழுதமாட்டீரு. சொல்லும், கேடு வண்டிக்கா, ஓட்டினவனுக்கா?" என்று கேட்டார்.

அவருக்குப் பின்னால் லில்லியம்மா கைகளைக் கோத்துக்கொண்டு நின்றார். உடைந்த தூணைப் பார்த்தேன். பஸ் ஸ்டாப்பில் இழுக்கப்பட்ட அந்தப் பெண்ணை நினைத்தேன்.

"வண்டிக்குத்தான்" என்றேன். "உங்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை."

அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு, சொன்ன பொய்க்காக எனக்கு வருத்தமில்லை.

12.50, வீடு. ஷீபா பயறு நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். கத்தி நின்றது.

"மூணு தடவையும் எனக்குத்தான் ஓட்டத் தெரியாதுண்ணு சொன்னிய."

"ஆமா."

"அப்பிடீன்னா பாலத்தில, செத்த வண்டிய இடிக்காம நிறுத்தினது ஆரு?"

"நீ."

எழுந்து கை கழுவிவிட்டு, காட்டாக்கடைக்காரரை அவளே போனில் கூப்பிட்டு, வண்டி விற்பதற்கு இல்லை என்றாள்.

அவர் வந்திருக்கவேண்டிய ஐந்து மணிக்கு நாங்கள் கிளம்பினோம், பாறசாலை வரை போய்த் திரும்ப. அவள் ஓட்டினாள். நான் பெல்ட்டை மாட்டிக்கொண்டு வலது காலைத் தொடைக்குக் கீழே மடக்கி உட்கார்ந்தேன். காலையில் நாற்பத்தைந்து நிமிடம் எடுத்த களியக்காவிளை இருபது நிமிடத்தில் வந்தது. அதே கடையில் இரண்டு டீ குடித்தோம். காலையில் ஊர்ந்த அதே சாலைதான், இப்போது சந்தைக் கூட்டமும் சேர்ந்திருந்தது. திரும்பி வரும்போது குழித்துறைப் பாலத்தில் எதிரே ஒரு பேருந்து நடுக்கோட்டைத் தாண்டி வந்தது. தொடைக்குக் கீழே என் கால் துடித்தது. அவள் ஒதுங்கி, வேகம் குறைத்து, வழிவிட்டுப் போனாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"நாளைக்கு வயரிங் ஆளைக் கூப்பிட்டு அந்தப் பொத்தானை எடுத்துவிடலாம்" என்றேன். "பத்து நிமிட வேலை."

"வேண்டாம். திங்கக்கிழமை தொட்டு நான் தனியாட்டுதானே போறேன். நம்ம ரெண்டு பேரும் போவும்போ நீங்க பின்னால இரிங்கோ." கண் சாலையிலேயே இருந்தது. "பொத்தான் அங்கயே கிடக்கட்டும். உங்களுக்கும் வயசாவும் இல்லியா?"

நான் காலை இன்னும் கொஞ்சம் உள்ளே மடக்கிக்கொண்டேன்.