உதட்டால் பார்க்கிறவள்

ராக்காயி லிமாவ் என்கிற எலுமிச்சை இலையை வெயிலுக்கு நேரே பிடித்து, கண்ணைச் சுருக்கி, கடுதாசி படிக்கிறவளைப்போல ஒரு நிமிஷம் பார்ப்பாள். அது ஊருக்காக. பிறகு வியர்வை துடைக்கிற சாக்கில் முந்தானையைத் தூக்கி, அதன் மறைவில் இலையைக் கீழுதட்டில் ஓடவிடுவாள். புழு குடைந்துபோன தடம் மெல்லிய தாளாக உரசும். தடம் முடிகிற இடத்தில் பொட்டளவு மேடு தட்டுப்படும். "ஒனக்குக் குடியிருக்க வேற எடம் கெடைக்கலையா?" என்று கேட்டபடி நகத்தால் ஒரு நசுக்கு.

ரப்பர் விலை விழுந்த வருஷம், மலாயாவில் லகாட் பக்கத்துத் தோட்டத்தில் துரை ஐந்து ஏக்கருக்கு லிமாவ் நாற்று போட்டார். மூன்றாம் மாதமே ஒரு குட்டி வெள்ளி அந்துப்பூச்சி அதில் குடித்தனம் வந்துவிட்டது. துளிர் இலைக்குள் அதன் புழு கோடு இழுத்துக்கொண்டே போகும், இலை சுருண்டுவிடும். நசுக்குவதற்கு ஆறு பெண்களைப் போட்டார்கள். "அதுக்கும் சாதி ஆச்சாரம் இருக்குலா. லிமாவத் திங்கும், கருவேப்பலையத் திங்கும், கோயில் வில்வத்தையும் திங்கும். ரப்பர் எலையில பட்டினி கெடந்து சாவுமே தவிர வாய வைக்காது" என்பாள் ராக்காயி. துரைக்கே இது தெரியாது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்.

கண்ணில் திரை விழுந்து எட்டு மாதம் ஆகிறது. விரல்களோ, ஸ்டோரில் பன்னிரண்டு வருஷம் ரப்பர் பால் உறையவைக்கும் ஆசிட்டில் வெந்து மரத்துப்போனவை. வேலைக்கு லாயக்கில்லாதவர்களைப் பினாங்கில் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம் அது. நாகப்பட்டினத்தில் இறங்கினால் அவளை அழைத்துப்போக ஓர் ஆள் கிடையாது. ஒரே மகள் பாப்பா இதே தோட்டத்தில் பாலுக்கு ரப்பர் மரம் சீவுகிறாள். ஏழு மாதக் கர்ப்பம்.

அந்தத் திங்கட்கிழமை துரை நாற்றுகளுக்கெல்லாம் வெள்ளை மருந்து அடிக்கச் சொன்னார். வரிசைக்குள் மேய்ந்த கோழிகள் மறுநாள் செத்துக் கிடந்தன. இலைக்குள் பத்திரமாக இருந்த புழுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. புதன்கிழமை துரையே வந்து பார்ப்பார், புழுவை விட்டுவைத்தவள் பெயர் கப்பல் பட்டியலுக்குப் போகும் என்று மாயாண்டிக் கங்காணி சொன்னார். போகிறவர் ராக்காயியிடம் நின்றார். "எலையத் தொட்ட கைய வாயில வைக்காத. வெசம்."

"நான் ஏன் வைக்கிறேன் கங்காணி" என்றாள்.

புதன்கிழமை இலையை வெயிலுக்குப் பிடித்தாள். வெளிச்சம் தெரிந்தது, அவ்வளவுதான். உதடுவரை கொண்டுபோனாள். பிறக்கப்போகிற பேரப்பிள்ளையை நினைத்து இறக்கினாள். தூரத்தில் துரையின் நாய் குரைத்தது.

பக்கத்து வரிசை நல்லம்மாளுடையது. தண்ணீர்க் குழாயடியில் நடந்த ஒரு சண்டைக்குப் பிறகு இரண்டு வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. முந்தானை மறைவு அவள் பக்கம் திறந்தே இருந்ததை ராக்காயி யோசித்ததே கிடையாது. இப்போது நல்லம்மாளின் வளையல் சத்தம் தன் வரிசைக்குள்ளேயே, இரண்டு செடி முன்னால் கேட்டது. பிழைப்பைப் பிடுங்க வந்துவிட்டாள் என்று நினைத்தாள் ராக்காயி.

"என் வரிசையில ஒனக்கு என்னடி வேல?"

வளையல் சத்தம் அடுத்த செடிக்கு நகர்ந்தது.

ராக்காயி குனிந்து முன்னாலிருந்த செடியைத் தடவினாள். இரண்டு இலைகள், மரத்த விரலுக்கும் தெரிகிற மாதிரி, புழு இருக்கிற இடத்தில் மடித்துவிடப்பட்டிருந்தன. நசுக்கினாள். ஈரம் பட்டது. அடுத்த செடியில் மூன்று மடிப்பு. அதற்கடுத்ததில் மடிக்க முடியாத பிஞ்சு இலை ஒன்று. ராக்காயியின் கை வந்து சேரும்வரை அதை நல்லம்மாள் பிடித்துக்கொண்டு நின்றாள்.