பிள்ளையாருக்கு டோப்பா

கொடைக்கானலில் புல் வளர்க்க யாரும் எதுவும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும். ஓட்டு இடுக்கில், தண்ணீர்த் தொட்டி மூடியில், ஓடாமல் நிற்கும் ஸ்கூட்டரின் சீட்டுக் கிழிசலில், நாலு மழை பெய்தால் பச்சை. மேகம் படுத்து எழுந்துபோன இடமெல்லாம் பச்சை. அப்படிப்பட்ட ஊரில் காசு கொடுத்து பிளாஸ்டிக் புல் வாங்கியவன் நான்.

காரணம் இருந்தது. மகளைப் பேசி முடிக்க அய்யம்பாளையத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். எங்கள் வாசலோ காட்டு மாடுகள் மேய்ந்து, குளம்பால் கிளறி, உழுது போட்ட வயல்போலக் கிடந்தது.

"வர்றவுக வாசல்லயே வழுக்கி விழுந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள் மனைவி.

பஜாரில் ஸ்வெட்டர் கடை பாய் ஒரு பச்சைச் சுருளை உருட்டிவிட்டார்.

"வெட்ட வேணாம், தண்ணி ஊத்த வேணாம் சார். காட்டு மாடு வந்தா மோந்து பாத்துட்டு வெக்கப்பட்டுப் போயிரும்."

"அப்படியே ஒங்க தலைக்கும் ஒரு மொழம் கிழிச்சு வாங்குங்க" என்றாள் மனைவி. நான் கம்பளிக் குல்லாவைக் காதுவரை இழுத்துக்கொண்டேன். வெயில் நாளிலும் நான் அதைக் கழற்றுவதில்லை. குளிருக்காக என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

பையன் மகளே பார்த்துப் பிடித்த பையன். அவனை வளர்த்தது அவனுடைய அத்தை. ஆடு, மாடு, தென்னை என்று தனியாளாகக் கட்டி ஆளுகிறவர். அவர் சரியென்றால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அவர் வாயிலிருந்து 'சம்மந்தி' என்று ஒரு சொல் விழ வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காக மகள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அன்று காலை மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அத்தை செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் கால் வைத்தார். நின்றார். கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"மிதிச்சா மடங்க மாட்டேங்குதே, சார்."

சார்! சம்மந்தி இல்லை. நான் குல்லாவை இன்னும் கீழே இழுத்துக்கொண்டேன்.

உள்ளே மனைவி மஞ்சளில் பிள்ளையார் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்தவள் பழைய வாய்ப்பழக்கத்தில் தம்பியை ஏவினாள். "ஏலே, வாசல்ல போயி ரெண்டு அருகம்புல்லு கிள்ளிட்டு வா, வெரசா!" வாசல் குழாயடியில் முன்பு அருகு மண்டிக் கிடக்கும். இப்போது அதன்மேல்தான் கடை பாய் கொடுத்த பச்சைச் சுருள் விரிந்திருக்கிறது என்பது அவளுக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை. மச்சினனோ தாண்டிக்குடியிலிருந்து ஜீப்பில் குலுங்கி வந்த கிறுகிறுப்பில் இருந்தான். போனான், திரும்பினான்.

"அக்கா, கிள்ள வரமாட்டேங்குது. கத்திரிக்கோல் குடு."

கொடுத்தாள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எல்லாத் தாளும் ஒரே உயரமாக, ஒரே பச்சையாக, நூல் கட்டிக் கொண்டுவந்தான். பள்ளிக்கூடப் பிரேயருக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகள்போல அத்தனை ஒழுக்கமான புல்!

சூடம் ஏற்றினோம். சுடர் சாய்ந்தது. பிள்ளையாரின் உச்சியில் புல் வாடவில்லை. சுருண்டது, கறுத்தது, உருகி நெற்றியில் சொட்டாக வழிந்தது. வீடெங்கும் ரப்பர் செருப்பு எரிகிற வாடை. பக்தியோடு கண்ணை மூடியிருந்தவர்கள் மூக்கையும் மூடிக்கொண்டார்கள்.

அத்தை குனிந்து உற்றுப் பார்த்தார்.

"ஏப்பா, பிள்ளையாருக்கு டோப்பாவா வச்சீக?"

"ஒரே அளவா நல்லாத்தானே இருந்துச்சு..." என்று இழுத்தான் மச்சினன்.

"காப்பித் தோட்டம் வச்சிருக்கியே, புல்லு எது பொய்யி எதுன்னு தெரியாதாடா ஒனக்கு?" என்று பாய்ந்தாள் மனைவி.

"நீதானக்கா வாசல்ல கிள்ளச் சொன்ன!"

அக்கா தம்பி சண்டையை அத்தை கவனிக்கவில்லை. அவர் கண் மகள்மேல் இருந்தது.

"வாசல்ல புல்லு பொய்யி. பிள்ளையாரு முடி பொய்யி. இந்தச் சடை எப்படியாம்?"

சிரிக்கிறாரா, முறைக்கிறாரா என்று தெரியவில்லை. மகள் எழுந்து போய் அவர் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"இழுத்துப் பாருங்க, அத்தை."

இழுத்தார். பாவம் பார்த்து இழுக்கவில்லை. முள்ளங்கி பிடுங்குகிற இழுப்பு. "ஆ!" என்றாள் மகள். பையன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"ஒக்காருலே. வேரு இருக்கு."

பிறகு தானே வாசலுக்குப் போனார். செயற்கைப் புல்லின் ஓரத்தைக் கோரைப்பாயைச் சுருட்டுவதுபோலத் தூக்கினார். அடியில், வெயில் காணாமல் வெளுத்து, பிளாஸ்டிக்கைத் தலையால் முட்டிக்கொண்டிருந்தது நிஜ அருகு. அதில் கொஞ்சம் கிள்ளிவந்து, கருகியதைப் பிய்த்தெறிந்துவிட்டு, பிள்ளையாருக்குச் சூட்டினார்.

எல்லோரும் மூச்சு விட்டோம். அப்போதுதான் அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏங்க சம்மந்தி, அந்தக் குல்லாவையுங் கொஞ்சம் கழட்டுங்க. ஒரேயடியாப் பாத்துருவோம்."

வெரசாகக் கழற்றினேன்.