பால்மரத்தில் தப்பான கோடு

இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளவேண்டும் போலிருக்கிறது.

ஈப்போவில் எங்கள் தோட்ட வரலாற்று அருங்காட்சியகத்தைப் பார்த்து மெச்சுகிறவர்களுக்குப் பின்கட்டில் இருக்கும் எங்கள் மூவரைத் தெரியாது. படங்களும் குறிப்புகளும் தயாரிப்பது நான். மரவேலை தச்சர் அண்ணனுடையது. தரை துடைக்கும் அக்கா புந்தோங்கிலிருந்து பஸ்ஸில் வருவார். ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தில் இருபது வருடம் பாலெடுக்க ரப்பர் மரம் சீவியவர்.

புதிய கூடத்தில் நிஜமான பால்மரத் துண்டு ஒன்றை நிறுத்தினோம். நான் கொடுத்த பழைய படத்தைப் பார்த்து அண்ணன் பட்டையில் கோடு சீவினார். மாப்பும் கையுமாக நின்ற அக்கா சொன்னார்:

"தம்பி, கோடு மாறிப் போச்சுலா. இடது பக்கம் மேல தொடங்கி, வலது பக்கம் கீழ எறங்கணும்."

திறப்பு விழாவுக்கு இரண்டே நாள். எனக்குச் சுள்ளென்று ஏறியது. "படத்துல அப்படித்தானேக்கா இருக்கு? ஆதாரம் இருக்கு. நீங்க தரையப் பாருங்க."

என்ன திமிர் எனக்கு! அண்ணன்கூட, "அக்கா சொல்றாங்களே, ஒருவாட்டி பாத்துரலாம்" என்றார். அவர் வாயையும் அடைத்தேன்.

விழாவன்று ஆயர் தாவாரிலிருந்து ஒரு பஸ் நிறைய பழைய தோட்டத்து ஆட்கள் வந்தார்கள். மரத்தைக் கண்டதும் ஒரு பெரியவர், "யாருலா சீவுனது? கங்காணி பாத்தா அன்னைக்கே தொரத்தியிருப்பான்!" என்றார். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். தன்னோடு ஒரே நிரையில் மரம் சீவிய அக்காவை ஒரு அம்மாள் பிடித்துக்கொண்டார்.

"ஏன்டி, நீ இங்கதான வேலை செய்யுற? ஒனக்குக் கண்ணு தெரியலயா? தோட்டத்து மானத்தையே வாங்கிட்டியே!"

அருங்காட்சியக மேலாளர் என்னை முறைத்தார். அக்காவும் என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "மறந்து போச்சுலா" என்றார்.

இருபது வருடம் செய்த வேலையை மறந்துவிட்டாராம்! என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? பேசாமல் நின்றேன், கோழை.

மத்தியானம் படத்தின் பழைய பிலிமை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அச்சிட்ட படத்தில் மரத்தருகே நிற்கும் கங்காணியின் சட்டைப்பை வலது பக்கம் இருந்தது. பிலிமில் சரியாக இடது பக்கம். ஸ்கேன் செய்யும்போது பிலிமைத் திருப்பி வைத்தது நான்தான், வேறு யார்?

ஓடினேன். அக்கா பின்வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தப்பு என்னோடதுக்கா. படத்த நான்தான் மாத்தி எடுத்துட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எங்கிட்ட எதுக்குத் தம்பி சொல்றீங்க? ஆயர் தாவார் பஸ்ஸு போயிருச்சு."